புதுப்பிப்பு: ரவுட்டரில் 1.1.1.3 போட்ட பிறகும் ஆபாசத் தளங்கள் திறந்தால்

ரவுட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் (வீட்டுக் கருவிகளுக்கு இணைய அமைப்புகளைக் கொடுக்கும் இடம்) டிஎன்எஸ்ஸை, அதாவது தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சர்வரை, ஆபாசத் தளங்களைத் தடுக்கும் கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.3, 1.0.0.3 என மாற்றினால் போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். போதாது.

முதல் ஓட்டை ஐபிவி6, அதாவது புதிய வகை இணைய முகவரி முறை. அது இயங்கினால் போன்கள் அதன் வழியே இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸைக் கேட்கக்கூடும். ரவுட்டரின் ஐபிவி6 டிஎன்எஸ் கட்டத்திலும் அதே சேவையின் 2606:4700:4700::1113, 2606:4700:4700::1003 கொடுங்கள். அதற்குக் கட்டம் இல்லாத ரவுட்டரில் ஐபிவி6-ஐ அணைத்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு போனின் பிரைவேட் டிஎன்எஸ் அமைப்பில் (போன் டிஎன்எஸ் கேள்விகளை மறையாக்கி அனுப்பும் வசதி) வேறு சர்வர் பெயர் இருந்தால் ரவுட்டர் அமைப்பு செல்லாது. ரவுட்டரின் ஃபயர்வாலில் (தடுப்பு அமைப்பு) அது பயன்படுத்தும் 853 போர்ட்டை, அதாவது அந்த எண்ணுள்ள வழியை, மூடினால் அது பெரும்பாலும் நிற்கும். பிரவுசர்களே தனியாக டிஎன்எஸ் கேட்கும் செக்யூர் டிஎன்எஸ்தான் உண்மையான தலைவலி: அது சாதாரண இணையதளங்கள் வரும் 443 போர்ட் வழியாகவே போகிறது, அந்த போர்ட்டை மூடவே முடியாது. பிள்ளைகளின் ஒவ்வொரு கருவியிலும் கையால் அணைக்க வேண்டும்.

மாற்றியதும் வைஃபையை ஒருமுறை துண்டித்து இணையுங்கள். இல்லாவிட்டால் பழைய டிஎன்எஸ், ரவுட்டர் கருவிக்குக் கொடுத்த அமைப்பின் காலக்கெடு (லீஸ்) முடியும்வரை தங்கக்கூடும். மொபைல் டேட்டாவை இவை எதுவும் தொடாது.