ஏர் ஃப்ரையருக்குத் தமிழில் என்ன? (வியாழனுக்குள் வேண்டும்)

பனையோலை | திங்கள் இரவு

குழுவுக்கு வணக்கம்.

ஏர் ஃப்ரையரோடு சேர்த்துக் கொடுக்கும் சமையல் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மேல்நாட்டுப் பலகாரங்களை எடுத்துவிட்டு, நம் வீடுகளில் அன்றாடம் செய்வதைப் போடச் சொல்லிவிட்டார்கள்: வாழைக்காய், சேனை, வெண்டைக்காய், மீன், வேர்க்கடலை. வியாழன் மாலை அச்சுக்குப் போகிறது. குறிப்புகள் எல்லாம் தயார். கருவிக்குத்தான் பெயர் இல்லை.

இப்போதைக்குக் ‘காற்றுப் பொரிப்பான்’ என்று போட்டிருக்கிறேன். ‘காற்றுப் பொரிப்பானை 180 டிகிரியில் முன்சூடாக்கவும்’ என்று படித்தால் யாரோ ஒரு ஆளைப் பிடித்துச் சூடு போடச் சொல்வதுபோல் இருக்கிறது. வேறு நல்ல சொல் உண்டா? இலக்கணம் இடித்தாலும் சொல்லுங்கள்.

நெல்லையான் | திங்கள் நள்ளிரவு

அம்மையீர்,

இலக்கணம் எங்கும் இடிக்கவில்லை. ‘ஆன்’ ஈறு கருவிக்கும் வரும். அழிப்பான், துடைப்பான் எல்லாம் பள்ளிப் பிள்ளைகளே சொல்கிறார்கள். ‘நாளை அவன் பொரிப்பான்’ என்ற வினைமுற்றோடு குழம்பும் என்று யாராவது கிளம்புவார்கள். குழம்பாது.

தொகையும் சரி. மின்விசிறி மின்னால் விசிறுவது, மூன்றாம் வேற்றுமை. கொசுவிரட்டி கொசுவை விரட்டுவது, இரண்டாம் வேற்றுமை. காற்றுப் பொரிப்பான் காற்றால் பொரிப்பதா, காற்றையே பொரிப்பதா என்பதைப் பொருள்தான் சொல்ல வேண்டும். காற்றைப் பொரித்துத் தின்பவர் யாரும் இல்லை.

என் குறை ‘காற்று’ என்ற சொல்லில். ‘வளி’ இருக்க அது எதற்கு? ‘வளிதொழில் ஆண்ட உரவோன் மருக’ என்று கரிகாலனைப் புறநானூறு 66 விளிக்கிறது. காற்றை வேலை வாங்கிய பரம்பரை நாம். ‘வளிப்பொரிப்பி’ என்று வையுங்கள். ஆளைக் குறிக்கும் ஐயமும் தீரும், இரண்டு எழுத்தும் குறையும்.

திருகாணி | செவ்வாய் காலை

> காற்றை வேலை வாங்கிய பரம்பரை நாம்

ஐயா, வளியோ காற்றோ இருக்கட்டும். அதற்குள் பொரிப்பே நடக்கவில்லையே! மேலே ஒரு கம்பிச்சுருள் சூடாகிறது. பக்கத்தில் இருக்கும் விசிறி அந்தச் சூட்டுக்காற்றை வேகமாகக் கூடையைச் சுற்றி ஓட்டுகிறது. எண்ணெயில் பொரிக்கும்போது எண்ணெய்தான் சூட்டைக் கொண்டுபோய்க் காயில் சேர்க்கும். இங்கே அந்த வேலை காற்றுக்கு. காற்று எண்ணெய் அளவுக்குச் சூட்டைச் சுமக்காது, அதனால்தான் அத்தனை வேகமாக ஓட வேண்டியிருக்கிறது. விசிறி வைத்த சின்ன ஓவன், அவ்வளவுதான். 2010இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் இதை அறிமுகப்படுத்தியபோது ‘ஃப்ரை’ என்ற ஆசை வார்த்தையைப் பெயரில் ஒட்டினார்கள். விளம்பரக்காரர்கள் சொன்ன பொய்யைத் தமிழிலும் நாம் ஏன் சொல்ல வேண்டும்?

இயற்பியலில் இதற்குச் சொல் இருக்கிறது, வெப்பச்சலனம். ‘வெப்பச்சலன அடுப்பு’ என் பரிந்துரை.

பனையோலை | செவ்வாய் காலை

தம்பி, ‘வெப்பச்சலனம் காரணமாக ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை’ என்று தினமும் செய்தியில் கேட்கும் சனங்கள் அடுப்புக்குள் மழை பெய்யுமா என்று கேட்பார்கள்.

நெல்லையான் | செவ்வாய் மதியம்

சலனம் வடசொல் என்பதையும் பதிவு செய்கிறேன்.

திருகாணித் தம்பி பொரித்தல் என்றாலே எண்ணெய் என்று முடிவு கட்டிவிட்டார். அது பிற்காலப் பழக்கம். அரிசிப்பொரி எண்ணெயிலா பொரிகிறது? கொதிக்கும் மணலில். சோளப்பொரிக்கு வெறும் சட்டி போதும். முட்டை பொரிந்து குஞ்சு வெளியே வருகிறதே, அங்கே எண்ணெய் ஏது? ‘பொரிப்பூம் புன்கின்’ என்கிறது நற்றிணை 9. புங்கம்பூ உதிர்ந்து கிடப்பது பொரியை இறைத்ததுபோல் இருக்கும். வெடித்தல், விரிதல், மேல்தோல் சொரசொரப்பாதல், இதுதான் ‘பொரி’யின் அடிப்பொருள். மரப்பட்டை வெடித்திருப்பதைப் ‘பொரியரை’ என்பார்கள். அந்தக் கருவியில் வைத்த சேனைத்துண்டின் மேல்பக்கம் எப்படி இருக்கும் என்று பனையோலை அம்மையாரே சொல்லட்டும். வெடித்து, சொரசொரத்து, பொரிந்துதானே இருக்கிறது? எண்ணெய்க்கும் பொரிக்கும் தாலி கட்டியவர் யார்?

வெண்கலப்பானை | செவ்வாய் மாலை

எல்லாருக்கும் வணக்கம். நான் இலக்கணம் படித்தவள் இல்லை. அந்த மெஷினில் தினமும் சமைக்கிறவள், அதனால் ஒன்று சொல்கிறேன்.

‘பொரிப்பான்’ என்று போட்டால் வாங்குகிறவர்கள் அதில் பொரியல் செய்யலாம் என்று நினைப்பார்கள். பீன்ஸ் பொரியலை நாம் எண்ணெயிலா பொரிக்கிறோம்? கடுகு தாளித்து, தண்ணீர் தெளித்து, மூடி வைத்து வேகவிட்டு, கடைசியில் தேங்காய்ப்பூ. அதை ஏர் ஃப்ரையரில் வைத்தால் பீன்ஸ் காய்ந்து சுள்ளியாகிவிடும். தேங்காய்ப்பூ பறந்துபோய் மேலே கம்பியில் ஒட்டிக் கருகும், வீடெல்லாம் தீய்ந்த வாடை. கறிவேப்பிலையும் அப்பளமும் அப்படித்தான், மேலே ஒரு கம்பித்தட்டு கவிழ்க்காவிட்டால் பறந்துவிடும்.

கையேட்டில் பஜ்ஜி இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். காய்ந்த எண்ணெயில் மாவு விழுந்ததும் இறுகிக்கொள்ளும். இதில் இறுகுவதற்குள் ஓட்டை வழியாகக் கீழே ஒழுகிவிடும். உளுந்து வடையும் அதே கதி. ஆமவடை பரவாயில்லை, தட்டி இரண்டு பக்கமும் எண்ணெய் தடவி வைத்தால் வரும். சேனை, வாழைக்காய், வெண்டைக்காய், மசாலா தடவிய மீன் எல்லாம் அருமையாக வரும், ஒன்றன் மேல் ஒன்று அடுக்காமல் பரப்பினால். கத்தரிக்காயை எண்ணெய் தடவி முழுசாக வைத்தால் தோல் தானாக உரியும், துவையலுக்கு அடுப்புத் தணலில் வாட்டிய மாதிரியே இருக்கும். புகை வாசம் மட்டும் இருக்காது. முழுசாக வைக்கும்போது கத்தியால் நாலு இடத்தில் குத்த மறந்துவிடாதீர்கள்.

வதக்குவது, தாளிப்பது ஒன்றும் அதில் ஆகாது. சுடுவது, வாட்டுவது, வறுப்பது மூன்றும் ஆகும். பெயரை அதிலிருந்து எடுங்கள்.

வடமராட்சி | செவ்வாய் இரவு

ரொறன்ரோவில் இருந்து வணக்கம்.

வெண்கலப்பானை அக்கா சொன்ன பொரியல் எங்களுக்குப் பொரியல் இல்லை, வறை. முருங்கையிலை வறை, சுறா வறை. எங்கட பக்கம் பொரியல் என்றால் எண்ணெயில் பொரிச்சதுதான்: மீன் பொரியல், கத்தரிக்காய்ப் பொரியல். ஆகவே ‘பொரிப்பான்’ எங்களைக் குழப்பாது, உங்களைத்தான் குழப்பும்!

திருகாணி சொல்வதுபோல் இது ஓவன் என்றால் எங்களிடம் ஏற்கெனவே சொல் உண்டு, போறணை. பாண், அதாவது ரொட்டி, போடும் இடத்தில் இருப்பது. ‘காற்றுப் போறணை’ என்று எழுதினால் ஈழத்தில் அப்பம்மாவுக்கும் விளங்கும். வெப்பச்சலனத்துக்கு எங்கட பாடப்புத்தகத்தில் மேற்காவுகை என்று இருந்தது. அதை நான் முன்மொழியவில்லை, பயப்பட வேண்டாம்.

நெல்லையான் | செவ்வாய் நள்ளிரவு

போறணை போர்த்துக்கேயர் விட்டுப்போனது. பேக்கரிக்கு ‘வெதுப்பகம்’ என்ற அழகிய சொல்லைப் புழங்கும் ஈழத்தவரே இப்படிச் சொல்லலாமா? வெதுப்பி, வளிவெதுப்பி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

வடமராட்சி | புதன் அதிகாலை

ஐயா, சாவியைப் போட்டு அலமாரியைத் திறந்து, மேசையில் வைத்து எழுதும்போது போர்த்துக்கேயர் நினைவுக்கு வருவதில்லைத்தானே. போறணையும் அப்படித்தான். வெதுப்புவது என்றால் இதமான சூடு. 200 டிகிரியை வெதுவெதுப்பு என்று சொன்னால் மீன் சிரிக்கும்.

திருகாணி | புதன் காலை

> வளிவெதுப்பி

நெல்லையான் ஐயா, வள்ளுவர் 941ஆம் குறளில் ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்கிறாரே, அந்த வளி எது? வாதம், வாயு! வளியடுப்பில் வாழைக்காய் சமைத்துச் சாப்பிடுங்கள் என்று கையேட்டில் எழுதினால் அந்த வீட்டில் யாராவது நிம்மதியாகத் தூங்க முடியுமா?

சரி, விளையாட்டு போதும். 2011இல் தமிழக அரசு வீட்டுக்கு வீடு கொடுத்த திட்டத்தின் பெயர் நினைவிருக்கிறதா? ‘விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி’. ஒரே வரியில் மின்விசிறி தமிழ், மற்ற இரண்டும் ஆங்கிலம். யாரும் போராட்டம் நடத்தவில்லை. காரணம் இருக்கிறது. விசிறி முன்பே கையில் இருந்தது, ‘மின்’ ஒட்டியதும் ஏறிக்கொண்டது. மிக்சிக்கு அப்படி ஒரு பழைய சொல் பிடிபடவில்லை. அதனால் புதுச்சொல்லில் பாதியாவது சமையலறையில் ஏற்கெனவே இருக்க வேண்டும். வெதுப்பி அங்கே இல்லை, அடுப்பு இருக்கிறது. என் வெப்பச்சலனத்தை வாபஸ் வாங்கிக்கொண்டு ‘காற்றடுப்பு’க்கு ஓட்டுப் போடுகிறேன். கிடைக்காவிட்டால் ‘ஏர் ஃப்ரையர்’ என்றே போடுங்கள். குக்கரை நாம் என்ன ‘அழுத்தக்கலன்’ என்றா அழைக்கிறோம்?

வெண்கலப்பானை | புதன் மதியம்

காற்றடுப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் ‘கேஸ் அடுப்பா?’ என்று கேட்பார்கள்.

கரண்ட் பில்லைப் பற்றியும் கையேட்டில் ஒரு வரி போடுங்கள். எங்கள் வீட்டில் இருப்பது 1500 வாட். இருபது நிமிடம் ஓடினால் அரை யூனிட். இது தெரியாமல் வாங்கிவிட்டு மாமியாரிடம் பேச்சு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

நெல்லையான் | புதன் மாலை

கேஸ் அடுப்பு என்று கேட்பார்கள் என்று வெண்கலப்பானை அம்மையாரே சொல்லிவிட்டார். எரிவாயு அடுப்பு, வாயு அடுப்பு, காற்றடுப்பு, எல்லாம் ஒரே குட்டையில் போய் விழும். மேலும் அடு என்றாலே சமைத்தல். ‘தான்துழந்து அட்ட தீம்புளிப் பாகர்’ என்கிறது குறுந்தொகை 167. அந்தப் பாட்டில் தலைவியின் கண்ணில் குய்ப்புகை ஏறுகிறது. தாளிதப் புகை! உங்கள் கருவியில் குய்யும் கிடையாது, புகையும் கிடையாது, துழாவுவதற்குக் கரண்டியும் நுழையாது. அதை அடுப்பு என்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

வேண்டுமென்றால் கோடை என்ற சொல்லை யோசிக்கலாம். கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், வடக்கே வாடை, மேற்கிலிருந்து அடிக்கும் வெங்காற்று கோடை. அனல்காற்றுக்கு நம்மிடமே தனிப்பெயர் இருக்கிறது! ‘கோடையடுப்பு’.

பனையோலை | புதன் மாலை

ஐயா, மே மாதம் மட்டும் பயன்படுத்த வேண்டியது என்று நினைத்து பதினோரு மாதம் பரணில் போட்டுவிடுவார்கள்.

மட்டுறுத்துநர் | புதன் இரவு

நண்பர்களே, இழை நீண்டுகொண்டே போகிறது. பாட்டி வடை சுட்ட கதையில் வடை எண்ணெயில்தான் வெந்தது, ஆனாலும் ‘சுட்டாள்’ என்கிறோம், ஆகவே ‘சுடுவி’ என்று ஒருவர் தனி மடலில் எழுதியிருக்கிறார். துருத்தியை வைத்து ‘துருத்தியுலை’ என்று இன்னொருவர். துருத்தி நெருப்பை மூட்டக் காற்றடிப்பது, இங்கே நெருப்பே இல்லை என்று அவருக்குப் பதில் எழுதிவிட்டேன். இரண்டையும் பொதுவில் விடவில்லை, மன்னிக்கவும். கேட்டவருக்கு நாளை அச்சு. ஆளுக்கு ஒரு சொல், ஒரு வரி.

திருகாணி | புதன் இரவு

காற்றடுப்பு.

வெண்கலப்பானை | புதன் இரவு

காற்றடுப்பு. ஆனால் ஏர் ஃப்ரையர் என்றும் எங்காவது இருக்கட்டும், கடையில் அப்படித்தான் கேட்க வேண்டும்.

வடமராட்சி | வியாழன் அதிகாலை

காற்றுப் போறணை. தோற்கும் என்று தெரியும். இருந்தாலும் போறணை.

பனையோலை | வியாழன் மதியம்

எல்லாருக்கும் நன்றி. அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

அட்டையில் ஏர் ஃப்ரையர், நிறுவனம் அதை மாற்ற விடவில்லை. முதல் பக்கத்தில் ‘ஏர் ஃப்ரையர் என்னும் காற்றடுப்பு’, அப்புறம் எல்லா இடத்திலும் காற்றடுப்பு. படத்தில் பெட்டி தெரிவதால் கேஸ் அடுப்பு என்று நினைக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். பஜ்ஜியை எடுத்துவிட்டேன். கத்தரிக்காயைக் குத்துவதும் அரை யூனிட் கணக்கும் சேர்ந்துவிட்டன. குறிப்புகளில் ‘பொரிக்கவும்’ என்று இருந்ததையெல்லாம் ‘மொறுமொறுப்பாகும் வரை சுடவும்’ என்று மாற்றினேன். மீனுக்கு மட்டும் ‘மீன் பொரியல்’ என்று விட்டிருக்கிறேன். வடமராட்சிக்காக.

நெல்லையான் | வியாழன் இரவு

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘பொரி’யை எண்ணெய்க்குத் தாரை வார்த்துவிட்டீர்கள். நற்றிணையில் எண்ணெய் இல்லை.

வறை, வறுவல், வறட்சி, வறுமை நான்கும் ‘ஈரம் வற்றுதல்’ என்ற ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. வடமராட்சி நண்பர் வறையைச் சொன்னதிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. நாளை தனி இழை தொடங்குகிறேன். ‘வறுவி’ என்று யாரும் அதற்குள் முந்திவிட வேண்டாம்.