கண்ணாடி மெழுகுவர்த்திக் கிண்ணத்துல கோலம்: பிட் வழுக்குது, ஓரம் சில்லு போகுது, ஒண்ணு விரிசலும் விட்டுடுச்சு

சத்துவாச்சாரி வாசி:

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். டீ லைட் வைக்கிற கண்ணாடிக் கிண்ணத்துல, வெளிப்பக்கமா ரோட்டரி டூல் வச்சு சிக்குக் கோலம் செதுக்குறேன். நேர் சுவர் கிண்ணம். விட்டம் 75 மி.மீ., உயரம் 90, கண்ணாடி கனம் 4. கார்த்திகை தீபத்துக்குள்ள 20 கிண்ணம் முடிக்கணும்.

டூலோட வந்த 3.2 மி.மீ. காலெட்தான் (பிட் தண்டைக் கவ்விப் பிடிக்கிற பிடி) போட்டிருக்கேன். பிட்டு 30 அடங்கின டைமண்ட் செட், தண்டு 3 மி.மீ. வேகம் டயல்ல 5. கரண்டுக்குப் பயந்து தண்ணி விடல.

கோடு ஆரம்பிக்கிற இடத்துல பிட் வழுக்கி ஓடி குறுக்கே ஒரு கீறல் போட்டுடுது. கோட்டோட ரெண்டு ஓரமும் பல்லு பல்லா சில்லு போகுது. ரெண்டு கிண்ணம் முடியறதுக்குள்ள பிட் மொண்ணை. இதெல்லாம்கூட சமாளிச்சுக்கலாம். நல்லா வந்த ஒரு கிண்ணம், விளக்கு ஏத்தின அரை மணி நேரத்துல மேல் விளிம்புல இருந்து நெட்டுக்கு விரிசல் விட்டுடுச்சு. அதுதான் பயமா இருக்கு. எங்க தப்பு பண்றேன்?

பாலாற்றங்கரை:

தம்பி, விரிசல் தனிக் கதை. மத்த மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டினது.

காலெட்ல ஆரம்பிங்க. 3 மி.மீ. தண்டை 3.2 காலெட்ல இறுக்கினா பிடிச்ச மாதிரிதான் இருக்கும், ஆனா சரியா மையத்துல நிக்காது. நிமிஷத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல சுத்தும்போது, ஒவ்வொரு சுத்துக்கும் அந்த ஆட்டம் கண்ணாடியை ஒரு தட்டு தட்டும். உளியால தட்டுற மாதிரிதான். ஓரம் சில்லு போறது அதனாலதான். 3 மி.மீ. காலெட் தனியா வாங்குங்க. இல்லன்னா 2.35 மி.மீ. தண்டு பிட்டை 2.4 காலெட்ல போடுங்க, நல்லா உக்காரும். மாட்டினதும் டூலை ஓட விட்டு பிட் நுனியைப் பாருங்க. ஒரே புள்ளியா நின்னா சரி. தடிச்சு மங்கலாத் தெரிஞ்சா கழட்டித் திருப்பி மாட்டுங்க.

வழுக்குறதுக்குக் காரணம், உருண்டை பிட்டோட நுனியை நேராக் குத்தி ஆரம்பிக்கிறது. பம்பரம் சுத்தும்போது ஆணி முனை நின்ன இடத்துலயே நிக்குது இல்லையா, அதே மாதிரி உருண்டையோட உச்சியில வேகமே கிடையாது. வேகம் இல்லாத இடத்துல வெட்டும் இல்ல. டூலைப் பேனா மாதிரி பிடிச்சு 45 டிகிரி சாய்ச்சு, உருண்டையோட இடுப்பு கண்ணாடியில படற மாதிரி வைங்க. சுண்டு விரல் கிண்ணத்து மேல ஊனியிருக்கணும். பிட் எந்தப் பக்கம் ஓடப் பாக்குதோ, அதுக்கு எதிர்ப்பக்கமா கோடு இழுங்க. முதல் தடவை சும்மா தடவி மங்கலா ஒரு தடம் போட்டாப் போதும். ரெண்டாவது தடவை பிட் அந்தத் தடத்துலயே போகும். கனம் ஏத்துறது மூணாவது தடவைதான்.

வேகம் 12,000ல இருந்து 15,000க்குள்ள இருக்கட்டும். டூலோட எடையே போதும். மோட்டார் சத்தம் தாழ்ந்துச்சுன்னா நீங்க அழுத்துறீங்கன்னு அர்த்தம்.

பிட்டுல நிக்கல் பூச்சுக்குள்ள ஒரே ஒரு அடுக்கு வைரத்தூள்தான் பதிச்சிருக்கு. உலர ஓட்டினா சூட்டுலயும் அழுத்தத்துலயும் அது உதிர்ந்துடும். ஆனா மொண்ணைன்னு தூக்கிப் போடறதுக்கு முன்ன உத்துப் பாருங்க. வெள்ளைப் பொடி அப்பியிருந்தா வெறும் அடைப்புதான். வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல்லை நனைச்சு ரெண்டு மூணு செகண்ட் தொட விட்டா வைரம் மறுபடி வெளியே வரும். இரும்பு பளபளன்னு தெரிஞ்சா அந்த பிட் அவ்வளவுதான்.

செட்டுல 30 இருந்தாலும் உங்களுக்கு மூணு போதும். கோட்டுக்கு 1 மி.மீ. உருண்டை, புள்ளிக்கு 2 மி.மீ. உருண்டை, இதழ் நிரப்ப தீச்சுடர் வடிவம். பல் வெட்டின டங்ஸ்டன் கார்பைடு பர் பக்கமே போகாதீங்க, கண்ணாடியில அது குதிக்கும். பெரிய பரப்பை மங்கலாக்கணும்னா பச்சை நிற சிலிக்கான் கார்பைடு கல் நல்லது.

ராணிப்பேட்டை ஃபிட்டர்:

கரண்டுக்குப் பயந்தது நியாயம். ஆனா அதுக்காக உலர வேலை செய்யாதீங்க, அந்தப் பொடி நேரா நெஞ்சுக்குள்ள போகும். மோட்டாரை மேல ஒரு கொக்கியில தொங்க விட்டு பிளெக்சிபிள் ஷாஃப்ட் (வளையற நீளத் தண்டு) மாட்டுங்க. கையில கைப்பிடி மட்டும் இருக்கும், தண்ணி மோட்டார் கிட்ட வராது. ஒயர் பிளக்குக்குப் போற வழியில கீழ ஒரு தொங்கல் விடுங்க, சொட்டு அங்கேயே விழுந்துடும். அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிஞ்சா உடனே லைனைத் துண்டிக்கிற ஸ்விட்ச்) கட்டாயம் இருக்கணும்.

தண்ணியை ஊத்த வேண்டியதும் இல்ல. நனைச்ச ஸ்பாஞ்சை கோட்டுக்கு மேல்பக்கமா சாத்தி வச்சா கசிஞ்சுக்கிட்டே இருக்கும். அடியில ஈரத் துண்டை மடிச்சுப் போட்டா கிண்ணம் உருளாது. என்95 மாஸ்க், பக்கம் மூடின கண் கவசம் ரெண்டும் வேணும். நம்ம வேலூர் வெக்கையில ஃபேன் இல்லாம உக்காரறது கஷ்டம்தான், ஆனாலும் வேலை மேல காத்து படற மாதிரி வைக்காதீங்க. முடிச்சதும் பெருக்காம ஈரத்துணியால துடைங்க. கலங்கல் தண்ணியை சிங்க்ல ஊத்தாம வாளியில தெளிய விட்டு, வண்டலைக் காகிதத்துல மடிச்சுக் குப்பையில போடுங்க.

இப்ப விரிசல். சுடர் முதல்ல உள்சுவரைத்தான் சூடாக்குது. உள்பக்கம் விரியுது, வெளிப்பக்கம் இன்னும் குளிர்ச்சியா இருக்கறதால இழுபடுது. கண்ணாடி அமுக்கத்தை நல்லாத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. நீங்க கீறினதும் அதே வெளிப்பக்கம்தான். விளிம்புல இந்த இழுப்பு இன்னும் மோசம். உடைஞ்ச கிண்ணத்தை எடுத்துப் பாருங்க, அநேகமா ஒரு கோடு விளிம்பைத் தொட்டிருக்கும், இல்ல ஓடின பிட்டோட கீறல் அங்க இருக்கும்.

அதனால விளிம்புல இருந்து 15 மி.மீ. வரைக்கும் எதுவும் செதுக்காதீங்க. ஆழம் 0.2 மி.மீ. தாண்ட வேண்டாம். கோடு வெள்ளையாத் தெரியறது சொரசொரப்பால, ஆழத்தால இல்ல. வழுக்கின கீறல் விளிம்புக்குப் பக்கத்துல விழுந்த கிண்ணத்துல விளக்கு ஏத்தாதீங்க, பேனா ஸ்டாண்டா வச்சுக்குங்க. டீ லைட் 38 மி.மீ., உங்க கிண்ணம் உள்ளே 67, நடுவுல வச்சா சுத்தி 14 மி.மீ.க்கு மேல இடம் இருக்கு. ஆனா ஃபேன் காத்துல சுடர் ஒரு பக்கம் சாஞ்சா அந்த இடைவெளி பிரயோஜனம் இல்ல. இன்னொண்ணு, கார்த்திகை மழைக்காலம். சூடான கண்ணாடி மேல ஒரு சொட்டு விழுந்தாப் போதும். திண்ணையில, கூரைக்கு உள்ளடங்கி வைங்க.

புள்ளிக்கோலம்:

வேலை பத்தி அவங்க சொல்லிட்டாங்க, நான் கணக்கு மட்டும் சொல்றேன். சிக்குக் கோலம் கிண்ணத்தைச் சுத்தி வந்து ஆரம்பத்துலயே சேரணும். சேராம ஒரு புள்ளி இடிச்சா மொத்தமும் கெட்டுப்போகும். அளவுகோல் வச்சு அளக்காதீங்க. ஒரு காகிதப் பட்டையைக் கிண்ணத்துல சுத்தி, முனை சரியா சேர்ற இடத்துல வெட்டி, நாலு தடவை பாதி பாதியா மடிச்சுப் பிரிங்க. 16 கட்டம் வந்துடும். உங்க 75 மி.மீ. விட்டத்துக்குச் சுற்றளவு சுமார் 236, அப்போ புள்ளிக்குப் புள்ளி 14.7 மி.மீ. நெட்டுக்கும் அதே இடைவெளி வச்சா 4 வரிசை போடலாம். மேல கீழ போதுமான இடம் மிஞ்சும்.

வரைஞ்ச காகிதத்தைக் கிண்ணத்துக்கு உள்ளே ஒட்டாதீங்கம்மா. 4 மி.மீ. கண்ணாடி வழியா சாய்ஞ்சு பார்த்தா கோடு ஒரு பக்கம் தள்ளித் தெரியும், தண்ணி பட்டா காகிதமும் ஊறிடும். வெளிப்பக்கம் பர்மனன்ட் மார்க்கர்ல புள்ளியும் கோடும் போட்டு, காஞ்சதும் மேல கிளியர் லாக்கர் ஸ்பிரே லேசா அடிங்க. தண்ணிக்கு அழியாம நிக்கும். முடிஞ்சதும் அசிட்டோன்ல துடைச்சா போயிடும். விளக்கு ஏத்தறதுக்கு முன்ன அந்த வாடை சுத்தமாப் போயிருக்கணும்.

புள்ளியை எல்லாம் முதல்ல செதுக்குங்க, அப்புறம் வளைவு. வளைக்கும்போது டூலைத் திருப்பாம இடது கையால கிண்ணத்தைத் திருப்புங்க. வேலூர் கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளியை எடுக்க ஆசை வரும். இந்த அளவு கிண்ணத்துல அது வெறும் வெள்ளைத் திட்டாத்தான் நிக்கும். அங்க இருக்கற கொடி வேலைப்பாடு அழகா வரும்.

சத்துவாச்சாரி வாசி:

உடைஞ்ச கிண்ணத்தைப் பார்த்தேன், விளிம்புல கீறல் இருக்கு. காலெட் மாத்திடறேன். ரெண்டு சந்தேகம். டஃபண்டு கண்ணாடியில (கெட்டிப்படுத்தின கண்ணாடி) செதுக்கக் கூடாதுங்கறாங்க, கடையில வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிக்கிறது? கழுவிக் காஞ்சதும் கோட்டைச் சுத்தி வெள்ளையா ஒரு படலம் நிக்குது, அது என்ன?

பாலாற்றங்கரை:

டஃபண்டு கண்ணாடிக்கு மேல்தோல் அமுங்கியும் உள்ளே இழுபட்டும் இருக்கும். தோலைத் தாண்டி பிட் இறங்கினா மொத்தமும் பொலபொலன்னு கொட்டிடும். சில சமயம் செதுக்கி முடிச்சு எடுத்து வச்ச பிறகும் நடக்கும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. போன்ல வெள்ளைத் திரை வச்சு, கூலிங் கிளாஸைத் திருப்பிக்கிட்டே பார்த்தா ஒரு கோணத்துல திரை இருண்டு போகும். எல்லா போன்லயும் இருளாது; அப்படின்னா லேப்டாப் திரையில பாருங்க. இருண்ட நிலையில திரைக்கும் கூலிங் கிளாஸுக்கும் நடுவுல கிண்ணத்தைப் பிடிங்க. சுவர் பூரா பளிச்சுன்னு பட்டை பட்டையாத் தெரிஞ்சா வாங்காதீங்க. அடிக்கனத்துல மட்டும் லேசாத் தெரிஞ்சா பரவாயில்ல. பழகறதுக்குக் காலி ஜாம் பாட்டில், ஊறுகாய் பாட்டில் போதும்.

அந்தப் படலம் போர்வெல் தண்ணி உப்பு. நம்ம பக்கத்துத் தண்ணிக்குச் சொல்லணுமா. சொரசொரப்பான கோட்டுல அது இன்னும் கெட்டியாப் பிடிக்கும். வெதுவெதுப்பான தண்ணியில ஒரு சொட்டு சோப்பு விட்டு பழைய டூத் பிரஷ்ல தேய்ங்க, கடைசி அலசல் ஆர்.ஓ. தண்ணியில. ஏற்கெனவே படிஞ்சதுக்கு வினிகரை நனைச்ச துணி பத்து நிமிஷம். நல்லாக் காய விட்டுப் பாருங்க. ஈரத்துல கோடு மறைஞ்சுடும், ஆழம் போதலன்னு நினைச்சு அந்த நேரத்துல மறுபடி பிட்டை வைக்காதீங்க.