பாபா புதானைத் திருடர் என்பதா?

தென்பெண்ணைக்கரையான் (கிருஷ்ணகிரி):
நாம் பெருமை பேசும் காப்பி திருட்டில் தொடங்கியது. 17ஆம் நூற்றாண்டில் மெக்கா சென்று திரும்பிய பாபா புதான், ஏமனின் மோக்கா துறைமுகத்திலிருந்து ஏழு விதைகளை ஒளித்துக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் நட்டார் என்கிறார்கள். முளைக்கும் விதை வெளியே போகக் கூடாதென்று அரபு வணிகர்கள் காவல் காத்தபோது மறைத்து எடுத்துவந்தால், அதற்குத் திருட்டு என்றுதான் பெயர்.

அதியமான்கோட்டை வாசகன் (தருமபுரி):
ஐயா, அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுங்கள். ஏமனுக்கே அந்தச் செடி எத்தியோப்பியாவிலிருந்து போனதுதான். 1696இல் டச்சுக்காரர்கள் நம் மலபாரிலிருந்து நாற்றுகளை ஜாவாவுக்குக் கொண்டுபோனார்கள். அவை அழிந்துபோக, 1699இல் மறுபடியும் கொண்டுபோனார்கள். அதை வணிகம் என்று எழுதுகிறார்கள். 1727இல் பிரெஞ்சு கயானாவிலிருந்து பிரேசிலுக்கு விதை கொண்டுபோன பால்யேட்டாவைச் சாமர்த்தியசாலி என்று புகழ்கிறார்கள். நம் மலைக்கு விதை கொண்டுவந்த சூஃபிப் பெரியவர் மட்டும் திருடரா?

ஓசூர் வாசி:
திருட்டா இல்லையா என்பதற்கு முன், ஏழு என்ற எண்ணையே நான் நம்பவில்லை. ஒரு பழத்தில் இரண்டு கொட்டைகள்; ஏழு எப்படி வரும்?

அதியமான்கோட்டை வாசகன்:
ஒற்றைக் கொட்டைப் பழமும் உண்டு, தம்பி. ஏற்காட்டுத் தோட்டத்தில் பழம் பறித்த என் தாத்தா, சிவந்த பழத்தைக் கட்டைவிரலால் பிதுக்கி, வழவழப்போடு நழுவி விழும் கொட்டையை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டியிருக்கிறார். உருண்டையாக இருந்தால் அது ஒற்றை. தட்டையாக இருந்தால் இரட்டையில் ஒன்று. ஆனால் நான் கேட்டது எண்ணைப் பற்றியல்ல, திருட்டு என்ற சொல்லைப் பற்றி.

தென்பெண்ணைக்கரையான்:
ஏற்காடு சேலத்தில் இருக்கிறது. கேழ்வரகுக் கூழ் குடித்து வளர்ந்த தருமபுரிக்கு அதில் என்ன உரிமை? சிக்கரி விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் தாத்தாவை இழுத்தீர்கள்.

அதியமான்கோட்டை வாசகன்:
1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் ஏற்காட்டில் காப்பி நட்ட காலத்தில் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. 1965இல்தான் தருமபுரி தனி மாவட்டமானது. உங்கள் ஊர் 2004 வரை எங்களோடு இருந்தது. கூழ் குடித்தவர்களின் கைகள்தாம் அந்த மலையில் பழம் பறித்தன. அதைக் குறைவாகப் பேச உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. சிக்கரியைப் பற்றி அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன்: பாதிக்குப் பாதி சிக்கரி கலந்ததைக் காப்பி என்று என் வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள்.

ஓசூர் வாசி:
காப்பி விதையின் முளைப்புத்திறன் சில மாதங்களிலேயே குறைந்துவிடும். அவ்வளவு தூரம் கடல் கடந்து வந்த ஏழு விதைகளும் முளைத்தன என்பதை எப்படி ஏற்பது?

தென்பெண்ணைக்கரையான்:
ஏழோ எழுபதோ, ஒளித்துக் கொண்டுவந்தது திருட்டு. என் சொல்லில் மாற்றமில்லை.

அதியமான்கோட்டை வாசகன்:
அப்படியானால் டச்சுக்காரரையும் திருடர் என்று இங்கே எழுதுங்கள். எழுதும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.