இழை: ‘எத்திக்ஸ் வாட்ச்டாக்’ தமிழில் என்ன?

குழுமத்தாருக்கு வணக்கம்.

எங்கள் ஊர் வாசகர் வட்டத்துக்காக, ஊழலைக் கண்காணிக்கும் அமைப்புகளைப் பற்றி ஒரு கையேடு எழுதுகிறேன். ‘எத்திக்ஸ் வாட்ச்டாக்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. காவல்நாய் என்று எழுதினால், “என்னங்க, நீதிபதியைப் போய் நாய்ங்கறீங்க” என்பார்கள். சொல்லுக்குச் சொல் பொருந்துவது அறங்காவலர்தான். ஆனால் அதைக் கோயில்கள் எப்போதோ எடுத்துக்கொண்டன. அறங்காவலர் ஊழலை விசாரித்தார் என்றால் உண்டியல் விவகாரம் என்றுதான் நினைப்பார்கள்.

அரசு அலுவலகங்கள் மீதான புகாரை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மன் 1809-இல் ஸ்வீடனில் பிறந்தது. அது இங்கே மின்சாரத்துக்கும் வங்கிக்கும் குறைதீர்ப்பாளர் ஆனது; உள்ளாட்சிக்கு முறைமன்ற நடுவம். தேசிய அளவில் ஊழல் புகாரை விசாரிக்கும் அமைப்புக்கு 1963-இல் எம்.பி. எல்.எம்.சிங்வி உருவாக்கிய லோக்பால் என்ற சொல் அப்படியே நிற்கிறது. லஞ்ச ஒழிப்புத் துறையின் வேலை வேறு. ரசாயனம் தடவிய நோட்டை வாங்கியவர் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கியதும் தண்ணீர் ரோஸ் நிறமாகிவிடும். அது பொறி. பொறி வைப்பதற்கு முன்னால் விழித்திருக்கிற வேலைக்குத்தான் சொல் வேண்டும்.

என் பரிந்துரை: பரண்காவல். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கேழ்வரகு கதிர் பிடித்தால் பரண் கட்டி ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். யானையைப் பிடிப்பது அவர்கள் வேலை இல்லை. டார்ச் அடிப்பார்கள், தகரம் தட்டுவார்கள், கத்துவார்கள். பக்கத்துக் காட்டுக்காரர் எழுந்துவிடுவார்.

— பென்னாகரத்திலிருந்து

*

> என் பரிந்துரை: பரண்காவல்

அண்ணா, உவமை பிரமாதம். ஆனால் பரண் என்றதும் என் அம்மாவுக்கு யானை ஞாபகம் வராது, பழைய பித்தளை அண்டாதான் வரும். மக்கள் கொடுத்த மனுவெல்லாம் ஏற்கெனவே பரணில்தான் கிடக்கிறது. நாமே பெயரிலும் வைக்க வேண்டுமா?

இன்னொன்று, கத்தினால் மட்டும் போதுமா? ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டினால் ‘லோகாயுக்தா ரெய்டு’ டீக்கடைப் பேச்சு. லோகாயுக்தா என்பது மாநில அளவில் ஊழலை விசாரிக்கும் அமைப்பு. கர்நாடகத்தில் அதற்கு 1984-லேயே சட்டம் வந்துவிட்டது. 2011-இல் அங்கே லோகாயுக்தாவாக இருந்த நீதிபதி சந்தோஷ் ஹெக்டே சுரங்க ஊழல் பற்றிக் கொடுத்த அறிக்கை யாரையும் சிறையில் போடவில்லை, ஆனால் நாலு நாளில் முதல்வர் பதவி விலகினார். அதுவரை உங்கள் பக்கம்தான். அப்புறம் 2016-இல் ஊழல் வழக்குகளுக்குத் தனி அமைப்பை உண்டாக்கி லோகாயுக்தாவின் பல்லைப் பிடுங்கினார்கள். 2022-இல் உயர் நீதிமன்றம் அந்தத் தனி அமைப்பைக் கலைத்த பிறகுதான் பல் திரும்பி வந்தது.

பரணை எடுத்துவிட்டுக் காவலை வைத்துக்கொள்ளலாம்: நெறிக்காவல். நெறிமுறை வேண்டாம், அதைக் கணினிக்காரர்கள் புரோட்டோகாலுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

— ஓசூரிலிருந்து

*

சரிங்க தம்பி, அண்டாவுக்குத் தோற்றேன். நெறிக்காவல் இருக்கட்டும். ஆனால் ஆளைக் குறிக்க நெறிக்காவலர் என்று போட்டுவிடாதீர்கள், கான்ஸ்டபிள் ஆகிவிடுவார். நெறிக்காவல் அமைப்பு, நெறிக்காவல் அறிக்கை, அவ்வளவு போதும். விழிப்புணர்வு என்ற சொல்லை இதற்குள் இழுக்கவே வேண்டாம். அது பேரணிக்கும் தட்டிக்கும் போய்விட்டது.

சித்தப்பா பட்டா மாற்றத்துக்கு ஓர் அலுவலகத்தில் பணம் கொடுத்திருக்கிறார். கேட்டதால் கொடுத்தார். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்தின்படி கொடுத்தவரும் குற்றவாளிதான். கட்டாயத்தின் பேரில் கொடுத்திருந்தால் 7 நாளுக்குள் காவல் துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட வேண்டும். எனக்கு விஷயம் தெரிந்தபோது மூன்று வாரம் ஓடியிருந்தது. கையேட்டின் முதல் பக்கத்தில் அந்த 7 நாள்தான் வரப்போகிறது, கலைச்சொல் இரண்டாம் பக்கத்தில்.

நேற்று அவரிடமே சொல்லைச் சோதித்தேன். லோகாயுக்தா மாதிரி நெறிக்காவல் அமைப்பு நம் மாநிலத்திலும் இருக்கிறது, 2018-இல் சட்டம் போட்டார்கள் என்றேன். சொல் உடனே புரிந்தது. “காவல் இருக்குறது சரி, எங்க இருக்குறாங்க?” என்றார்.

சென்னையில் என்றேன்.

“அப்ப நைட்டு பஸ்ஸா?”