டிஸ்க் மாற்றினேன், விண்டோஸ் லைசென்ஸ் போய்விட்டதா?

கேள்வி: ஏற்காட்டில் சின்ன ஹோம்ஸ்டே நடத்துகிறேன். கோடை இடியில் லேப்டாப் ஹார்ட் டிஸ்க் காலி. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் ஒரு கடையில் எஸ்எஸ்டி (புது வகை டிஸ்க்) போட்டு விண்டோஸ் 11 ஏற்றி வந்தேன். இப்போது திரை ஓரத்தில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' நிற்கிறது. புது லைசென்ஸ் வாங்கணுமா?

பதில்: வேண்டாம் அண்ணா. லைசென்ஸ் டிஸ்கில் இல்லை, லேப்டாப்பின் முக்கிய சர்க்யூட் பலகையான மதர்போர்டோடு சேர்ந்தது. நெட் கொடுத்தாலே தானாக ஆக வேண்டும். முதலில் இருந்தது விண்டோஸில் ஹோம் பதிப்பா, ப்ரோ பதிப்பா?

கேட்டவர்: ஹோம். செட்டிங்ஸில் இப்போது ப்ரோ என்று இருக்கிறது.

பதில்: அங்கேதான் கோளாறு. ஹோம் லைசென்ஸ் ப்ரோவுக்குச் செல்லாது. ஹோமையே மறுபடி ஏற்றுங்கள். லைசென்ஸ் கீ (எண்) கேட்டால் 'என்னிடம் இல்லை' என்று தாண்டிவிடுங்கள்.

கேட்டவர்: ஆகிவிட்டது தம்பி! நெட் வரத்தான் மொட்டைமாடி ஏறினேன்.