ஸ்டிக்கை எங்கே வைப்பது? டிஃபென்ஸ் ஆடுபவர்கள் சொல்லுங்கள்

ஐஸ் ஹாக்கியில் இந்த சீசன்தான் டிஃபென்ஸுக்கு மாறினேன். எதிரணியில் இரண்டு பேர் பக்கோடு (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) வர, நான் ஒருவனாகப் பின்னால் சறுக்கிக்கொண்டே சமாளிக்கும்போதுதான் சொதப்புகிறேன். ‘அடிப்பவனைக் கோல்கீப்பர் பார்த்துக்கொள்வார், நீ பாஸை மறி’ என்கிறார்கள். சரி என்று ஸ்டிக்கின் பிளேடை ஐஸோடு ஒட்டி, பாஸ் போகும் வழியில் நீட்டினால், ஸ்டிக்குக்கு மேலே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

போன ஆட்டத்தில் போக் செக் (ஸ்டிக்கை நீட்டி பக்கைத் தட்டிவிடுவது) செய்யப் பாய்ந்தேன். பக் தப்பியது, ஸ்டிக் அவன் காலில் மாட்டியது. டிரிப்பிங், 2 நிமிடம் வெளியே. அங்கே உட்கார்ந்து கோல் விழுவதைப் பார்ப்பது தனி வேதனை.

முழங்கையை மடக்கியே வைத்திருந்து கடைசி நொடியில் நீட்ட வேண்டுமா? எவ்வளவு நெருங்கியதும் இரண்டாவது கையையும் ஸ்டிக்கில் வைப்பீர்கள்? அப்புறம், இதற்கென்று பயிற்சி ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள்.