வெளிநாட்டு ரோட்டுல பலகை புரியாம நின்ன அனுபவம் இருக்கா? நம்ம மதுரைப் பக்கத்து ஆளுங்க சொல்லுங்க

திருநகர்வாசி:

முப்பது வருஷமா கார் ஓட்டுறேன். தேனி ரோடு, நத்தம் ரோடு, கப்பலூர் தாண்டி நாலுவழிச் சாலையில கன்னியாகுமரி வரைக்கும் ராத்திரி பகல்னு பார்க்காம போயிருக்கேன். ஒரு சின்ன விபத்துகூட கிடையாது. அந்த தைரியத்துலதான் 2023 மே மாசம் ஜெர்மனியில இருக்கிற மகள் வீட்டுக்குப் போனப்ப மாப்பிள்ளை வண்டிச் சாவியைக் கையில வாங்குனேன்.

போறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்ல சர்வதேச ஓட்டுநர் பெர்மிட் எடுத்து வச்சிருந்தேன். பாஸ்போர்ட், விசா காட்டி 1,000 ரூபாய் கட்டுனா ஒரு வருஷத்துக்குக் குடுக்குறாங்க. பல மொழியில நம்ம லைசென்ஸ் விவரம் அதுல இருக்கும். அதோட வேலை அவ்வளவுதான்னு அங்க போய்த்தான் புரிஞ்சுச்சு.

ஸ்டுட்கார்ட் பக்கத்துல ஒரு சின்ன ஊர். மூணாவது நாள் காலையில ரொட்டி வாங்க நானும் வீட்டம்மாவும் கிளம்புனோம். வீடுகள் இருக்கிற தெரு, நல்ல அகலம், நேரா போகுது. சிக்னல் இல்ல, பலகை இல்ல. வலது பக்கம் ஒரு சந்து வந்து சேருது. நாம நேர்ரோட்டுல போறோம், சந்துல இருந்து வர்றவங்கதான் நின்னு பார்த்து வரணும், இதுதானே நம்ம கைக்குப் பழகுனது? நான் வேகத்தைக் குறைக்கல. அந்தச் சந்துல இருந்து ஒரு அம்மா சைக்கிள்ல, பின்னாடி சீட்டுல குழந்தையை வச்சுக்கிட்டு, எங்க பக்கம் திரும்பிக்கூட பார்க்காம நேரா வந்துட்டாங்க. பிரேக்கை மிதிச்சேன். ஒரு முழம் இடைவெளி இருந்திருக்கும். வீட்டம்மா "மீனாட்சி"ன்னு கத்துனது இன்னும் காதுல கேக்குது.

அந்த அம்மா திட்டல. இறங்கி நின்னு, தான் வந்த பக்கத்தைக் கையால காட்டி, நிதானமா மூணே மூணு வார்த்தை சொன்னாங்க. "ரெஷ்ட்ஸ் ஃபோர் லிங்க்ஸ்." வீட்டுக்கு வந்து மாப்பிள்ளைகிட்ட அதை அப்படியே சொன்னேன். "மாமா, இடதுக்கு முன்னாடி வலதுன்னு அர்த்தம். பலகையும் சிக்னலும் இல்லாத முக்குல வலது பக்கமிருந்து வர்றவங்களுக்குத்தான் முதல் வழி. சந்தோ மெயின் ரோடோ, காரோ சைக்கிளோ, எல்லாம் ஒண்ணுதான்"னாரு. தப்பு முழுக்க என்னோடது. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல.

சாயங்காலம் மாப்பிள்ளை என்னை வண்டி இல்லாம நடந்தே கூட்டிட்டுப் போனாரு, அதே வழியில. ஒவ்வொரு கம்பத்துலயும் நின்னு காட்டுனாரு. வெள்ளை ஓரம் வச்ச மஞ்சள் சாய்சதுரம் ஒண்ணு இருக்கு. அது தெரிஞ்சா இந்த ரோட்டுல போற நமக்குத்தான் முன்னுரிமை. அதே சாய்சதுரத்துக்குக் குறுக்கே கறுப்புக் கோடு போட்டிருந்தா அந்த உரிமை அங்கயே முடிஞ்சுது. ஊர் எல்லையில மஞ்சள் பலகையில ஊர்ப்பேர் மட்டும் இருக்கும், வேறொரு எண்ணும் இருக்காது. ஆனா அந்தப் பலகையைத் தாண்டுனா 50 கிலோமீட்டர் வேகம்தான். ஊர் முடியுற இடத்துல அதே பேர் மேல சிவப்புக் கோடு இருக்கும். அதுக்கப்புறம் சாதாரண ரோட்டுல 100 வரை போகலாம். நம்ம ஊர்ல "அன்புடன் வரவேற்கிறது"ன்னு எழுதியிருக்கிற பலகையை வேகத்துக்கான உத்தரவா யாராவது பார்த்திருக்கோமா?

ஜெர்மன் எழுத்துதான் கஷ்டமா இருக்கும்னு நினைச்சுப் போனேன். அதை மருமகப்பிள்ளையோ போனோ படிச்சுச் சொல்லிரும். பலகையே இல்லாத இடத்துல ஒரு சட்டம் ஒளிஞ்சிருக்கும்னு எனக்கு யாரும் சொல்லல. அதான் இங்க கேக்குறேன். அடுத்த வருஷம் திரும்பப் போறேன். உங்க அனுபவத்தை எழுதுங்க.

மேலூர்க்காரன்:

அண்ணே, படிச்சதும் கை நடுங்கிருச்சு. நீங்க சொன்ன மஞ்சள் சாய்சதுரத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும். நான் பதினோரு வருஷம் மலேசியாவுல லாரி ஓட்டுனவன். அங்க மஞ்சள் சாய்சதுரம்னா எச்சரிக்கை. வளைவு இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு, மாடு வரும், இந்த மாதிரி. நம்ம ஊர்ல சிவப்பு முக்கோணத்துக்குள்ள போடுறதை அங்க மஞ்சள் சாய்சதுரத்துல போடுறாங்க. ஜெர்மனியில "நீ போ"ங்குற உருவம், மலேசியாவுல "பார்த்துப் போ"ன்னு சொல்லுது. ரெண்டு நாட்டுலயும் ஓட்டுறவங்க மனசுல இதைப் போட்டு வைங்க.

மலேசியா நம்மளை மாதிரியே இடது பக்கம் ஓட்டுற நாடு. அதனால கை பழக்கம் பிரச்சினை இல்ல. மலாய் வார்த்தைதான். பெர்ஹென்தின்னா நில். பெரி லாலுவான்னா வழி விடு. அவாஸ்னா ஜாக்கிரதை. குராங்கான் லாஜுன்னா வேகத்தைக் குறை. கெலுவார்னா வெளியே போற வழி. முதல் வாரத்துல எங்க மேஸ்திரி ஒரு சிகரெட் அட்டையில இந்த அஞ்சையும் தமிழ்ல எழுதிக் குடுத்தாரு, அதை டேஷ்போர்டுல ஒட்டி வச்சிருந்தேன்.

அதுல திசை எழுதல. அங்கதான் மாட்டுனேன். கோலாலம்பூர்ல இருந்து ஈப்போவுக்குச் சரக்கு. ஈப்போ வடக்கே. நெடுஞ்சாலை பிரியுற இடத்துல ஒரு பக்கம் உத்தாரா, ஒரு பக்கம் செலாத்தான். பின்னாடி வண்டிங்க நெருக்குது, யோசிக்க நேரமில்ல. செலாத்தான்ல விட்டுட்டேன். செரம்பான் பலகையைப் பார்த்த பிறகுதான் தெற்கே வந்துட்டேன்னு தெரிஞ்சுது. நெடுஞ்சாலையில நினைச்ச இடத்துல திரும்ப முடியாது, அடுத்த கெலுவார் வரைக்கும் போய்த்தான் ஆகணும். சரக்கு ரெண்டு மணி நேரம் தாமதம், முதலாளிகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

ராத்திரி மேஸ்திரிதான் சொன்னாரு, "தம்பி, உத்தராயணம்னா சூரியன் வடக்கே போறதுன்னு உங்க வீட்டுல பொங்கலப்போ சொல்வாங்கல்ல? அதே உத்தரம்தான்டா உத்தாரா." அதுக்கப்புறம் ஒரு நாளும் மறக்கல. கடைப் பலகையில கெடாய்னு போட்டிருக்கும், அது நம்ம கடைதான். இப்படித் தெரிஞ்ச வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டே மத்ததையும் படிக்கப் பழகிட்டேன்.

அண்ணாநகர் வீடு, இப்போ டல்லாஸ்:

டெக்சாஸ் வந்து நாலு வருடம் ஆகிறது. இங்கேயும் மஞ்சள் சாய்சதுரம் எச்சரிக்கைதான். ஆனால் நான் எழுத வந்தது கம்பத்தில் இல்லாத ஒரு பலகையைப் பற்றி. அது பேருந்தோடு வரும்.

பள்ளிப் பேருந்து நம் ஊர் போலவே மஞ்சள் நிறம். பிள்ளைகளை இறக்க நிற்கும்போது, ஓட்டுநர் பக்கத்தில் எண்கோண வடிவில் சிவப்புப் பலகை ஒன்று கை போல விரியும், சிவப்பு விளக்குகள் விட்டு விட்டு எரியும். பின்னால் வரும் வண்டி நிற்க வேண்டும் என்பது யாருக்கும் புரியும். எதிர்த் திசையில் வரும் வண்டியும் நிற்க வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது.

அன்று மாமியார் முன் சீட்டில் இருந்தார்கள். மதுரையிலிருந்து வந்து பத்து நாள்தான். நாலு தடம், நடுவில் திரும்புவதற்கென்று ஒரு தடம். அவ்வளவு அகலமான சாலையின் அந்தப் பக்கம் பேருந்து நின்றது. நான் போய்க்கொண்டே இருந்தேன். அத்தை, "ஏம்மா, பிள்ளைக இறங்குது, நிறுத்தும்மா" என்றார்கள். அவர்களுக்காகத்தான் நிறுத்தினேன். அடுத்த நொடி ஒரு பையன் புத்தகப் பையோடு பேருந்தின் முன்னாலிருந்து சாலையைக் கடந்து எங்கள் பக்கம் ஓடி வந்தான்.

பிறகு ஓட்டுநர் கையேட்டை எடுத்துப் படித்தேன். சாலையைப் பிரிக்கும் சுவரோ மண்திட்டோ இருந்தால் மட்டும்தான் எதிர்ப்பக்கம் போகிறவர்களுக்கு விலக்கு. நடுவில் இருக்கும் திரும்பும் தடம் பிரிவாகக் கணக்கில் வராது. அத்தை எந்தச் சட்டமும் படிக்காமலே சரியாகச் சொன்னார்கள். இன்றைக்கும் மஞ்சள் பேருந்தைப் பார்த்தால் எனக்கு அவர்கள் குரல்தான் கேட்கிறது.

இன்னொன்று, நாலு பக்கமும் நில் பலகை இருக்கும் முக்கு. யார் முதலில் வந்து நின்றார்களோ அவர்கள் முதலில் போவார்கள். இருவர் ஒன்றாக வந்து நின்றால் வலப்பக்கம் இருப்பவருக்கு வழி. போலீஸ் இல்லை, விளக்கு இல்லை, எல்லோரும் அடுத்தவர் முறையை ஞாபகம் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கோரிப்பாளையத்தில் வளர்ந்த எனக்கு அதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும்.

உசிலை ஓட்டுநர்:

துபாய்ல பலகையில 100னு இருந்தா கேமரா 120 தாண்டுனாத்தான் பிடிக்கும். அதே பழக்கத்துல அபுதாபிக்குள்ள போயிராதீங்க. 2018ல இருந்து அங்க அந்த 20 சலுகை கிடையாது. பலகையில 140னா 140தான். எல்லை தாண்டுனதும் எண்ணுக்கு அர்த்தம் மாறிருது. நான் அபராதம் கட்டித்தான் கத்துக்கிட்டேன்.

வில்லாபுரம், செவிலியர்:

நான் வேல்ஸில் வேலை செய்கிறேன். நம் லைசென்ஸை வைத்துப் பிரிட்டனில் பன்னிரண்டு மாதம் ஓட்டலாம் என்பதால், வந்த முதல் மாதமே பழைய வண்டி ஒன்று வாங்கினேன். இரவுப் பணி முடித்து வர வேறு வழி இல்லை.

வெள்ளை வட்டத்துக்குக் குறுக்கே கறுப்புக் கோடு. மதுரையில் லைசென்ஸுக்குப் படித்தபோது "கட்டுப்பாடு முடிகிறது" என்று மனப்பாடம் செய்த அதே படம். அதனால் இங்கே அந்த இடத்துக்கு மேல் வேக வரம்பே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் இங்கே அதற்கு "நாட்டின் பொது வேக வரம்பு" என்று அர்த்தம். இருவழிச் சாலையில் 60 மைல், நடுவில் பிரித்த சாலையில் 70 மைல். புரியாத படமாக இருந்திருந்தால் யாரிடமாவது கேட்டிருப்பேன். தெரிந்த படம் என்பதால் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, என்னோடு வண்டியில் வந்த சக செவிலியர் சொல்லித்தான் தெரிந்தது.

எண்கள் எல்லாம் மைல் கணக்கு என்பதையும் மறக்காதீர்கள். சாலையில் பெரிதாக "அராவ்" என்று எழுதியிருப்பார்கள், வெல்ஷ் மொழியில் மெதுவாக என்று பொருள். 2023 செப்டம்பரிலிருந்து வேல்ஸில் குடியிருப்புப் பகுதிகளில் பெரும்பாலும் 20 மைல்தான், ஏறக்குறைய 32 கிலோமீட்டர். பிள்ளைகள் தெருவில் பயமில்லாமல் நடக்கிறார்கள். வில்லாபுரத்தில் எங்கள் தெருவுக்கும் இப்படி ஒன்று வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கே.புதூர் பயிற்சியாளர்:

ஐயா, அம்மா, எல்லோருக்கும் வணக்கம். இருபது வருடமாக ஓட்டுநர் பயிற்சி அளிக்கிறேன். வெளிநாடு போகிற பிள்ளைகள் என்னிடம் "சார், வலது பக்கம் ஓட்டிப் பழகணும்" என்றுதான் வருவார்கள். பலகை பற்றி இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

அவர்களை அழகர்கோவில் ரோட்டில் கூட்டிப்போய், கண்ணில் படும் பலகை ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன். பத்து வருடம் பைக் ஓட்டியவர்கள்கூடத் திணறுவார்கள். நீல வட்டத்துக்குள் 30 என்று போட்டால் 30க்கு மேல் போகாதே என்பார்கள். அது குறைந்தபட்ச வேகம். அதற்குக் கீழே போகக் கூடாது. சிவப்பு வளையம் இருந்தால்தான் உச்ச வரம்பு. ஐரோப்பாவிலும் இதே முறைதான். இங்கே தெரியாதது விமானம் ஏறினால் தெரிந்துவிடாது.

ஹெட்லைட் அடிப்பதையும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் எதிரே வருகிறவர் லைட் அடித்தால் "நான் வர்றேன், நீ நில்லு" என்று அர்த்தம். பிரிட்டனில் வழக்கத்தில் அது "நீங்க போங்க". அங்கிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் பாண்டி கோவில் பக்கம் ரிங்ரோட்டில், லாரி லைட் அடித்ததும் தனக்கு வழி விடுகிறார்கள் என்று நினைத்து வண்டியை எடுத்துவிட்டார். லாரிக்காரர் சுதாரித்ததால் பிழைத்தார்.

நான் சொல்லித் தரும் வழி, எழுத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பிடியுங்கள் என்பதுதான். எண்கோணம் என்றால் நில். மலேசியாவில் பெர்ஹென்தி, துருக்கியில் துர், கியூபெக்கில் அரே, அரபு நாடுகளில் கிஃப் என்று எழுதியிருக்கும். எல்லாம் எண்கோணம். தலைகீழ் முக்கோணம் என்றால் வழி விடு. இந்த இரண்டு வடிவத்தையும் வேறு எதற்கும் வைப்பதில்லை. பின்பக்கமிருந்து பார்த்தாலும், பனி மூடி எழுத்து மறைந்தாலும் தெரிய வேண்டும் என்றுதான் அப்படி.

தெப்பக்குளம்:

சார், நீங்க சொன்னது பெரும்பாலும் சரி. ஆனா ஜப்பான் போற பிள்ளைங்களுக்கு மட்டும் மாத்திச் சொல்லிருங்க. நான் நகோயா பக்கம் மூணு வருஷம் இருந்தேன். அங்க நில் பலகை எண்கோணம் இல்ல. முழுக்கச் சிவப்பு நிறத்துல தலைகீழ் முக்கோணம், உள்ள ஜப்பான் எழுத்துல "தொமாரே". 2017க்கு அப்புறம் வைக்கிற பலகையில ஆங்கிலத்துலயும் சேர்த்து எழுதுறாங்க, பழைய பலகையில அது கிடையாது.

நானும் வடிவத்தைத்தான் நம்பிப் போனேன். வழி விடுன்னு நினைச்சு, யாரும் வரலைன்னு மெதுவா உருட்டிக்கிட்டே தாண்டுனேன். பின்னாடியே போலீஸ் வண்டி. அந்த அதிகாரி ரொம்ப மரியாதையா, சக்கரம் முழுசா நிக்கணும்னு கையை உருட்டி, அப்புறம் நிறுத்திக் காட்டுனாரு. ரயில்வே கேட்டும் அப்படித்தான். கேட் திறந்தே இருந்தாலும் ஒரு தடவை முழுசா நின்னு, ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் எடுக்கணும்.

கே.புதூர் பயிற்சியாளர்:

மிக்க நன்றி தம்பி. இத்தனை வருடம் நான் இதை விதிவிலக்கே இல்லாதது போலச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். போன மாதம் ஒசாகா போன பையனுக்கும் அப்படித்தான் சொன்னேன். அவன் எண் என்னிடம் இருக்கிறது, இப்போதே கூப்பிடுகிறேன். அங்கே இப்போது மணி என்ன இருக்கும்?

தெப்பக்குளம்:

நம்மளைவிட மூணரை மணி நேரம் முன்னாடி சார். இன்னும் தூங்கியிருக்க மாட்டான், கூப்பிடுங்க.